கலங்கரை விளக்கத்தடியில் ஒரு சஹன்

மெட்ராஸ் டாக்டர் சொன்ன விதி ஒரே வரிதான். ஊசி போட்ட அரை மணிக்குள் சோறு வயிற்றில் இருக்க வேண்டும்.

அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் மெஹர்னிசா அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கட்டியிருந்தாள்.

அமீருதீனுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது பழவேற்காட்டில் மூன்றே பேருக்குத் தெரியும். அவருக்கும், அவருடைய இரண்டு பெண்களுக்கும். மூத்தவள் மெஹர்னிசா, கணவனை இழந்து ஆறு வருஷமாகத் தகப்பன் வீட்டில் இருப்பவள். பொன்னேரிக் கம்பவுண்டரிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டு வந்து, தினமும் கண்ணாடிக் குழாயைக் கொதிநீரில் போட்டு எடுத்து அவருக்கு ஊசி போடுகிறவள் அவள்தான். இளையவள் பத்ருன்னிசாவுக்குப் பத்தொன்பது வயது. ஊத்துக்கோட்டை வேர்க்கடலை மண்டிக்காரர் கிஃபாயத்துல்லாவின் மகனுக்கு அவளைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நிக்காஹ் முடியற வரைக்கும் இந்த நோவு இந்த ஊட்டைத் தாண்டக் கூடாது" என்று போன வாரம் அமீருதீன் மூத்த மகளின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். "ரத்தத்துல ஓடற நோவும்பாங்க. தாயில்லாத பொண்ணு வேற. அப்புறம் யாரு எடுப்பாங்க சொல்லு?"

மெஹர்னிசா சத்தியம் செய்தாள்.

பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டோடு வந்து போயிருந்தால் தொல்லை இல்லை. மாப்பிள்ளையின் தாய் பீவி ஜான் ஒரு ஆசையைச் சொல்லி அனுப்பியிருந்தாள். பழவேற்காடு வரைக்கும் வந்துவிட்டு லைட் ஹவுஸ் பார்க்காமல் திரும்ப முடியாதாம். மேலே ஏறிக் கடலைப் பார்க்க வேண்டுமாம். சம்பந்தியாக வரப்போகிறவள் கேட்டதை யார் மறுப்பார்கள்?

கலங்கரை விளக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில் நிற்கிறது. படகில்தான் போக வேண்டும். படகு போவது காற்றைப் பொறுத்தது. காலையில் கரைக்காற்று மேற்கிலிருந்து வீசும். பாயை விரித்தால் அதுவே திட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பத்தரை, பதினொன்றுக்கு அது செத்துப்போகும். அப்புறம் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஏரி எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் கிடக்கும். பிற்பகலில் கடல்காற்று கிழக்கிலிருந்து கிளம்பும். அதுதான் திரும்பி வர. நடுவில் மாட்டிக்கொண்ட படகுக்குக் கழியை ஊன்றித் தள்ளுவதைத் தவிர வேறு கதி கிடையாது.

ஆகவே எட்டரைக்குப் புறப்பாடு. பத்துக்குத் திட்டு. பன்னிரண்டரைக்கு லுஹர் தொழுகை. தொழுதவுடன் சாப்பாடு. மூன்று மணிக்குக் கோபுரக் கதவு திறக்கும். அதற்கு முன் யாரையும் ஏற்ற மாட்டார்கள். காலையெல்லாம் விளக்கைத் துடைக்கிற வேலை. நாலு மணிக்குள் படகேறினால் பொழுது சாய்ந்து மஃரிபு தொழுவதற்கு முன்னால் வீடு.

சாப்பாட்டையும் அவள் இதே போல யோசித்துத்தான் செய்தாள். பங்குனி வெயிலில் தேங்காய்ப்பால் ஊற்றிய எதுவும் மதியம் தாங்காது. அதனால் நெய்ச்சோறு, தால்சா, கெட்டியாக வற்றவைத்த ஆட்டுக்கறி. விடியற்காலை சுபுஹுக்கே சோற்றைத் தம் போட்டு, மூடியைச் சுற்றி மாவு பூசி, வைக்கோல் திணித்த கூடையில் சட்டியை இறக்கினாள். மாவு பிரியாதவரை ஆவி வெளியேறாது. வைக்கோல் சூட்டை விடாது. எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தாலும் கை சுடும். திட்டில் தோண்டுகிற ஊற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்பதால் இரண்டு குடம் நல்ல தண்ணீர்.

குடிப்பதற்கு நன்னாரி சர்பத். ஒரு பெரிய கூஜாவில் விருந்தாளிகளுக்கு, சீனிப்பாகு ஊற்றி, எலுமிச்சை பிழிந்து. ஒரு சின்ன பாட்டிலில் சீனியே இல்லாமல் வெறும் நன்னாரி ஊறிய தண்ணீர். அதன் கழுத்தில் பச்சை நூல் கட்டினாள். நிறம் இரண்டுக்கும் ஒன்று. வாப்பா கையில் தம்ளர் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

"லாத்தா, நீ கப்பல் கேப்டனாப் போயிருக்கணும்" என்றாள் பத்ருன்னிசா, அக்கா கட்டிய நூலைப் பார்த்துவிட்டு.

"நீ வாயை மூடிக்கினு துப்பட்டியை மடி. இன்னிக்கு உன்னையத்தான் பாக்க வர்றாங்க, என்னைய இல்ல."

"என்னைய எங்க பாக்கப் போறாங்க? லைட் ஹவுஸைத்தானே பாக்க வர்றாங்க."

மெஹர்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் இடறல் காலையிலேயே வந்தது. பீவி ஜானின் அண்ணன் ஹயாத் பாஷா, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், கும்மிடிப்பூண்டியிலிருந்து காலை ரயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து வண்டியில் வந்து சேர வேண்டும். ஒன்பது வரை காத்திருந்தும் ஆளைக் காணோம்.

"ரயிலு லேட்டா இருக்கும். நாம போலாம், அவரு பின்னாடி வரட்டும்" என்றார் கிஃபாயத்துல்லா. அவர் பருத்த மனிதர். இரண்டு முழங்காலும் வீங்கி, தடியூன்றித்தான் நடப்பார். ஒரு சின்னப் படகைத் தாய்மாமனுக்கென்று கரையில் நிறுத்திவிட்டு, படகோட்டி அப்பாவுவின் பெரிய படகில் மற்றவர்கள் புறப்பட்டார்கள். பெண் பார்க்க மாப்பிள்ளை வருகிற வழக்கம் இல்லை. படகின் நடுவே புடவையால் ஒரு மறைப்பு. முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள்.

பீவி ஜான் வழியெல்லாம் அதிகம் பேசவில்லை. மெலிந்த, கண்ணுக்குக் கீழே கருத்த பெண்மணி. பத்ருன்னிசாவின் முகத்தை ஒரு தடவை நிமிர்த்திப் பார்த்தாள். "நல்லா இரு" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் கண்ணைக் கோபுரத்தின் மேலேயே வைத்துக்கொண்டாள்.

திட்டில் சவுக்கு மரங்களுக்கு நடுவே மறுபடி ஒரு மறைப்புக் கட்டினார்கள். கோபுரத்தின் நிழலில் ஆண்களுக்குப் பாய் விரித்தாயிற்று. கலங்கரை விளக்கக் காவலர் ஸம்பத்குமார், திருவள்ளூர்க்காரர், நெற்றியில் திருமண்ணோடு வந்து வரவேற்றார்.

"மூணு மணிக்குத் திறக்கறேன். அதுக்குள்ள நீங்க சாப்ட்டுடுங்கோ. வெறும் வயித்தோட ஏறினா பாதியில தலை சுத்தும்."

பன்னிரண்டு அடித்துக் கால் மணி. காலையில் நேர்ந்த அந்தத் தாமதத்தைத் தவிர அதுவரை எல்லாம் கணக்குப்படியே நடந்தது.

அன்று கரைக்காற்று வழக்கத்தைவிட நீண்டு நின்றது. அதுதான் மெஹர்னிசாவை ஏமாற்றியது. ஏரியில் பார்த்தாள். சின்னப் படகின் பாய் காற்றில் புடைத்துக்கொண்டு வந்தது. இன்னும் கால் மணியில் கரை தட்டும். தாய்மாமன் இறங்கி, கைகால் கழுவி ஒளு செய்து, தொழுது, உட்காருவதற்கும் அரை மணி ஆவதற்கும் சரியாக இருக்கும்.

ஸம்பத்குமாரின் எண்ணெய்க் கிடங்குக்குப் பின்னால் வாப்பாவை வரச்சொல்லி ஊசியைப் போட்டாள்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு வாப்பா. தொழுததும் சாப்புட்டுடணும்."

"அதான் கண்ணுக்கு எதிர்ல வந்துக்கினு கீறாரே."

அவர்கள் தொழுது ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது ஏரியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சின்னப் படகின் பாய் ஈரத்துணியைப் போலத் தொங்கியது. கரைக்கு இன்னும் நல்ல தூரம். ஒரு ஆள் மட்டும் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளுவது எறும்பு போலத் தெரிந்தது.

இந்த இடத்தில் சஹனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சஹன் என்பது அகன்ற பெரிய தட்டு. நடுவில் சோறு, மேலே கறி. மூன்று பேரோ நான்கு பேரோ சுற்றி உட்கார்ந்து அதே தட்டில் தங்கள் தங்கள் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். தனித்தனி இலை போட்டால் முன்னே பின்னே உட்காரலாம். சஹனில் அது முடியாது. எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் மூடியைத் திறப்பார்கள். சம்பந்தம் பேச வந்த இடத்தில் தாய்மாமன் வருவதற்குமுன் சஹனைத் திறப்பது என்பது, நீ வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். அதிலும் விருந்து கொடுக்கிறவர் முந்திக்கொண்டு கை வைப்பது கேள்விப்படாத சங்கதி.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மெஹர்னிசா சர்பத் கொடுத்தனுப்பினாள். கூஜாவிலிருந்து கிஃபாயத்துல்லாவுக்கு. பச்சை நூல் பாட்டிலிலிருந்து வாப்பாவுக்கு. எத்தனையோ நாள் பழக்கம். கை தன்னால் செய்தது. அப்பாவு தட்டை ஏந்திப் போய் இரண்டு தம்ளரையும் வைத்துவிட்டு வந்தபிறகுதான், தான் செய்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது.

இன்றைக்கு, இந்த நேரத்தில், வாப்பாவின் உயிரைப் பிடித்து நிறுத்தக்கூடியது அந்தச் சீனி ஒன்றுதான். அதை அவளே பாட்டில் மாற்றித் தடுத்துவிட்டாள். எதிரே தம்ளர் நிறைய இருக்கும்போது கூஜாவிலிருந்து இன்னொன்று அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள்.

டாக்டர் விளக்கியது நினைவுக்கு வந்தது. 'ஊசி மருந்து ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை எரிக்கும். சோறு உள்ளே வந்துகினே இருந்தா எரிக்க ஏதாவது இருக்கும். வரலைன்னா கையிருப்பையே எரிச்சுடும். எண்ணெய் தீர்ந்த விளக்கு என்னா ஆவும்? திரி கருகும். இங்கே திரிங்கிறது மூளை.'

"அப்பாவு! இந்த வாழைப்பழத்தை வாப்பாகிட்ட குடு. நான் சாப்புடச் சொன்னேன்னு சொல்லு."

அப்பாவு போனான். மறைப்பின் இடுக்கு வழியே அவள் பார்த்தாள். அமீருதீன் பழத்தைக் கையில் வாங்கினார். ஒரு கணம் அவளிருந்த பக்கம் பார்த்தார். பிறகு கிஃபாயத்துல்லாவிடம் நீட்டினார்.

"எடுத்துக்குங்க பாய்."

"மச்சான் வரட்டும் பாய். சேர்ந்தே சாப்புடலாம். தோ வந்துட்டாரு."

பழம் தட்டிலேயே இருந்தது. அப்பாவு திரும்பி வந்து தலையைச் சொறிந்தான். "பாய் வாணான்ட்டாரும்மா. 'பொம்பளைங்க பேஜார் பண்றாங்க'ன்றாரு."

ஒன்றே கால். படகு முன்பிருந்த இடத்தைவிட ஒரு கூப்பிடு தூரம் வந்திருக்கலாம்.

அவளுக்குப் பக்கத்தில் பீவி ஜான் சர்பத் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளும் அதே இடுக்கு வழியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாத்தா" என்றாள் பத்ருன்னிசா, உதடு அசையாமல். "வாப்பா சட்டை முதுகு பூரா நனைஞ்சுடுச்சு."

நிழலில் உட்கார்ந்தவருக்கு வேர்க்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

அடுத்து அவருடைய குரல் கேட்டது. அது அவர் குரலாகவே இல்லை. உரக்க, கொழகொழவென்று.

"இன்னா பாய்... மண்டியில எடைக்கல்லை மாத்திட்டியா? ஹா! எனக்குத் தெரியும்டா உன்னைய..."

கிஃபாயத்துல்லாவின் முகம் சுருங்கியது. "இன்னா சொன்னீங்க?"

"எடைக்கல்லுடா! எடைக்கல்லு!" அமீருதீன் பாயைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தம்ளர் உருண்டு மணலில் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் பக்கவாட்டில் சாய்ந்து, கையூன்றி நிமிர்ந்து, யாரையோ தேடுவது போலச் சுற்றிலும் பார்த்தார்.

கிஃபாயத்துல்லா தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

"ஸம்பத்குமார் சார், பாய் வரும்போதே போட்டுக்கினு வந்துட்டாரா? நீங்களே சொல்லுங்க. மதுவிலக்கு இருக்கிற ஊர்ல, தொழுத இடத்துல, சம்பந்தம் பேச வந்தவன் முன்னாடி..."

மெஹர்னிசாவுக்கு இரண்டே வழி தெரிந்தது. சும்மா இருந்தால் வாப்பா குடிகாரர். அவர் உயிரும் போகும். எழுந்து போனால் சத்தியம் போகும், சம்பந்தம் போகும். அன்னிய ஆண்கள் முன்னால் மறைப்பைத் தாண்டினாள் என்ற பேரும் வரும்.

அவள் எழுந்தாள். எதை எடுப்பது என்று திரும்பியபோது கூஜா அவள் கைக்கு நேரே நீட்டியபடி இருந்தது. பீவி ஜான்தான். யோசிக்க நேரமில்லை. வாங்கிக்கொண்டு புடவையை விலக்கி வெயிலில் ஓடினாள்.

அமீருதீன் அவளைத் தள்ளினார். "யாருடி நீ? போ!"

"வாப்பா, குடிங்க."

"வாணாம்! விஷம்!"

அவள் மணலில் மண்டியிட்டு, இடது கையால் அவர் பின்தலையைப் பிடித்து, குழந்தைக்கு மருந்து புகட்டுவது போலக் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து, கூஜாவின் மூக்கை வைத்தாள். பாதி அவர் தாடியில் வழிந்தது. பாதி உள்ளே போயிற்று. மறுபடி ஊற்றினாள். மூன்றாம் தடவை அவரே விழுங்கினார்.

கடல் மட்டும் மணல்மேட்டுக்கு அப்பால் இரைந்துகொண்டிருந்தது.

சீனிக்கு ஒரு குணம் உண்டு. வேகமாக வேலை செய்யும். பத்து நிமிஷத்தில் அமீருதீனின் கண்ணில் ஆள் திரும்பி வந்தது. முதலில் மகளைப் பார்த்தார். பிறகு கூஜாவை. பிறகு தடியோடு நிற்கும் விருந்தாளியை. நடந்தது என்ன என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"பித்தம் பாய்" என்றார் பலவீனமாக. "வெயிலு... பித்தம் தலைக்கேறிடுச்சு."

கிஃபாயத்துல்லா அவரைப் பார்க்கவில்லை. மெஹர்னிசாவைப் பார்த்தார். "ஏம்மா. நீ சொல்லு. பித்தமா?"

வாப்பாவின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தின. அதே கைதான் சத்தியம் வாங்கியது.

"சர்க்கரை வியாதி" என்றாள் மெஹர்னிசா. "ஆறு மாசமா ஊசி போடறோம். ஊசி போட்டுட்டு சாப்புடலன்னா இப்படி ஆவும். குடிக்கிறவரு இல்ல எங்க வாப்பா. அவரு பேசினது அவரு பேசினது இல்ல. உங்க மச்சான் வராம சஹனைத் தொறக்கக் கூடாதுன்னு உக்காந்துக்கினு இருந்தாரு. அதுக்குத்தான் இவ்ளோவும்."

அவள் மணிக்கட்டிலிருந்து அந்த விரல்கள் விலகின.

கிஃபாயத்துல்லா வெகுநேரம் தடியின் நுனியால் மணலைக் கிளறினார். கடைசியில் அப்பாவுவிடம் சொன்னார்: "மொதல்ல அவருக்குச் சோறு வைப்பா."

சம்பந்தம் பேச வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அமீருதீன் ஒரு சின்னத் தட்டில் தனியாகச் சாப்பிட்டார். அவர் வாழ்நாளில் அப்படிச் சாப்பிட்டதில்லை. ஒவ்வொரு கவளத்தையும் குனிந்தபடியே விழுங்கினார்.

அவர் கை கழுவும்போதுதான் சின்னப் படகு கரை தட்டியது. ஹயாத் பாஷா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்! காத்து பூட்சிபா! பாதி தூரம் நானும் கழி தள்ளினேன், தெரியுமா? கையெல்லாம் கொப்புளம். இன்னா, எனக்காகவா எல்லாரும் பட்டினி கெடக்குறீங்க? வாங்க வாங்க, சஹனைத் தொறங்க!"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மச்சானோடு இரண்டு பேராக சஹனில் உட்கார்ந்தார். சோறு இன்னும் சூடாகவே இருந்தது. இருவரும் அதைப் புகழவில்லை.

மூன்று மணிக்கு ஸம்பத்குமார் சாவிக்கொத்தோடு வந்தார்.

"யார் யார் ஏறறேள்?"

கிஃபாயத்துல்லா தன் முழங்காலைக் காட்டினார். ஹயாத் பாஷா கொப்புளத்தைக் காட்டினார். இனி எதைப் பார்த்து என்ன என்பது போல எல்லாரும் இருந்தார்கள்.

மறைப்புக்குப் பின்னாலிருந்து பீவி ஜான் எழுந்து வந்தாள். துப்பட்டியை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"நான் ஏறணும். அதுக்குத்தான் வந்தது." மெஹர்னிசாவைக் கை காட்டினாள். "நீ வா என்கூட."

உள்ளே சுவரை ஒட்டிச் சுழன்று சுழன்று போகும் நூற்றுச் சொச்சம் படிகள். சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒன்றில் ஏரி, அடுத்ததில் கடல், மறுபடி ஏரி. ஸம்பத்குமார் முன்னால் போனார்.

"கையைச் சுவத்துல வெச்சிண்டு வாங்கோ. அவசரமில்லே."

உச்சியில் விளக்கறை. ஆளுயரத்துக்குக் கண்ணாடி வில்லைகள், அடுக்கடுக்காக, வைரத் தோட்டைப் பிரித்து வைத்தாற்போல. சுற்றிலும் ஜன்னல்களுக்குத் தடித்த திரை.

"பகல்ல ஏன் திரை போட்டிருக்கீங்க?" என்றாள் மெஹர்னிசா. கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி. இந்த வில்லை ராத்திரியில உள்ளே இருக்கற சின்ன வெளிச்சத்தை வாங்கி, ஒண்ணு சேர்த்து, கடலுக்கு அனுப்பறது இல்லையோ? பகல்ல வெளியில இருக்கற சூரியனை வாங்கி உள்ளே அனுப்பிடும். நேரே விளக்குமேல. ஒரு நாள் திரை போட மறந்தா போதும், எல்லாம் பொசுங்கிடும்."

அவர் வில்லையைத் துடைக்கத் துணி எடுத்தார். பெண்கள் இருவரும் சின்னக் கதவு வழியே குனிந்து வெளி மாடத்துக்கு வந்தார்கள்.

ஒரு பக்கம் கடல், கண் முடிகிற இடம் வரை. இன்னொரு பக்கம் ஏரியும், அதற்கப்பால் கோடு போலப் பழவேற்காடும். கீழே பாயில் மூன்று ஆண்கள், மூன்று பக்கம் திரும்பி.

பீவி ஜான் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு அடங்கும்வரை நின்றாள். பிறகு கடலைப் பார்த்தபடியே கேட்டாள்:

"எத்தனை யூனிட் போட்டே?"

"இருபது" என்றாள் மெஹர்னிசா.

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டாள். ஊசிக் குழாயில் கோடு கோடாகப் போட்டிருக்கிற அளவின் பெயர் அது. டாக்டர் சொல்வார். கம்பவுண்டர் சொல்வார். தினமும் அந்தக் கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். ஊத்துக்கோட்டை மண்டிக்காரரின் மனைவிக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?

"மாமி... உங்க ஊட்டுல யாருக்கு?"

"என் மவனுக்கு."

கடல் இரைச்சலில் சரியாகக் கேட்டதா என்று ஒரு கணம் மெஹர்னிசாவுக்குச் சந்தேகம் வந்தது. பீவி ஜான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"பதினாறு வயசுலேர்ந்து. எட்டு வருசம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நான்தான் போடறேன். எங்க அண்ணனுக்குக்கூடத் தெரியாது. கல்யாணம் முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு அவன் வாப்பா கட்டளை."

"அப்போ அவருக்கு... கீழே நடந்தப்போ..."

"அவரு மண்டிக்கும் கணக்குக்குமே நேரம் பத்தாதவரு. புள்ளைக்கு அந்த மாதிரி வர்றப்போ எல்லாம் நான்தான் பக்கத்துல இருப்பேன். அவரு ஒரு தபாகூடப் பாத்ததில்ல. குடிச்சுட்டாருன்னுதான் நெனச்சாரு." பீவி ஜானின் குரல் தணிந்தது. "எனக்குத் தெரிஞ்சுது. உங்க வாப்பா நெத்தியைத் தொடைச்சப்பவே தெரிஞ்சுது. கால் மணி நேரம் கூஜாவை மடியில வெச்சுக்கினு உக்காந்திருந்தேன். எழுந்து போனா, உனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்கல்ல? அந்தப் பயம். ஒரு மனுசன் கண்ணெதிர்ல போய்க்கினு கீறாரு, நான் உக்காந்துக்கினு கீறேன்."

மெஹர்னிசாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கம்பியை இறுகப் பிடித்தாள். அந்தக் கால் மணியில் வாப்பா போயிருந்தால்? ஆனால் பச்சை நூலைக் கட்டிய கையும் அவளுடையதுதான். இரண்டு வீட்டிலும் இரண்டு பெண்கள், ஒரே ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் ஏமாற்ற ஏரியைக் கடந்து வந்திருக்கிறார்கள்.

"எதுக்கு மாமி எங்கிட்ட சொல்றீங்க?"

"நீ எழுந்தியே. எல்லாரு முன்னாடியும் சொன்னியே. அதுக்கு." பீவி ஜான் துப்பட்டியால் முகத்தைத் துடைத்தாள். "இவரு முழங்காலுக்கு இந்தப் படி ஆவாது. மேலே ஏறினா பொண்ணோட அக்காகிட்ட ரெண்டு வார்த்தை தனியாப் பேசலாம்னுதான் லைட் ஹவுஸ் கேட்டேன். ஊட்டுல தைரியம் இருந்துச்சு. படகுல ஏறினதும் பூட்டுச்சு. இப்போ சொல்லிட்டேன். இனிமே உன் பாடு. உங்க வாப்பாகிட்ட சொல்லணும்னா சொல்லு. அவரு வாணாம்னா நான் தப்பா நெனைக்க மாட்டேன். என் புள்ளை நல்லவன். அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லக் கூடாது."

கீழேயிருந்து அப்பாவுவின் குரல் வந்தது. "யம்மா! கடக்காத்து எழும்பிடுச்சு! எறங்குங்க!"

மெஹர்னிசாவின் துப்பட்டி முதுகுப்புறமிருந்து புடைத்தது. ஏரி முழுவதும் திடீரென்று கறுத்துச் சிலிர்த்தது.

அவள் இறங்கினாள். வாப்பாவிடம் சொன்னால், சம்பந்தம் உடையக் கூடாது என்பதற்காக அவர் தலையாட்டிவிடுவார். அல்லது தன்னை அவமானப்படுத்திய மகள்மேல் உள்ள கோபத்தில் வேண்டாம் என்பார். சொல்லாமல் விட்டால், நாளைக்கு ஊத்துக்கோட்டையில் ஒரு வீட்டில் தங்கை கையில் ஒரு ஊசிக்குழாய் இருக்கும், எதற்கென்று தெரியாமல். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்தக் குழாயைப் பிடிக்கப்போகிற கை யாருடையது? இத்தனை நாளாக இரண்டு குடும்பமும் பேசிய பேச்சில் பத்ருன்னிசாவை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

கோபுர வாசலில் அமீருதீன் நின்றார். மூத்த மகள் வெளியே வந்ததும் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஹயாத் பாஷா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் படகை நோக்கி நடந்தார்கள்.

பத்ருன்னிசா மறைப்புப் புடவையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏறிடலாமா லாத்தா?"

மெஹர்னிசா புடவையின் மறுமுனையைப் பிடித்தாள். மடிக்கவில்லை. மறுபடி அதை இரண்டு மரத்துக்கும் நடுவே உயர்த்தி, படகிலிருந்து யாரும் பார்க்க முடியாதபடி பிடித்துக்கொண்டாள்.

"படகு நிக்கட்டும். உக்காரு பத்ரு. உன் மாப்பிள்ளையைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுது. வாப்பாவுக்கு முன்னாடி உனக்குத்தான் சொல்லப் போறேன். நீ இன்னா சொல்றியோ அதுதான்."